ஒன்று புள்ளி நான்கு

உச்சிமாகாளி அண்ணன் வந்து உட்கார்ந்தால்
கரண்ட் போன மதியங்களில்
சட்டைக்கு வெளியே கேட்கும்,
நெஞ்சுக்குள் தைத்த வால்வு:
டிக், டிக்.
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் என் லேப்.
மாதம் ஒரு செவ்வாய்,
இடது கை, நீல மூடிக் குழாய்.

மூன்று வருடமாய் இரண்டரை, இரண்டு புள்ளி எட்டு,
ஒரு தீபாவளிக்கு மட்டும் மூன்று.
வண்ணார்பேட்டையில் டயர் ஒட்டுகிறவருக்கு
வண்டி நம்பர்களைப் போல அத்தனையும் மனப்பாடம்.
இந்தச் செவ்வாய்
ஒன்று புள்ளி நான்கு.

குழாயை மாற்றி இன்னொரு தரம் ஓட்டினேன்.
அதேதான்.
வால்வின் கதவோரம் கடுகளவு உறைந்தால் போதும்,
மூளைக்குப் போகிற வழி
யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டாம்.

"மாத்திரையை விட்டுட்டீங்களா?"
"ஒருநாள் விடல."
"கீரை?"
"எம்பொண்டாட்டி கீரைக்காரியைத் தெருவுக்குள்ள விடமாட்டா."
"நாட்டு மருந்து?"
"சத்தியமா இல்ல."
"வேற?"
டிக், டிக்.
"வேருதான்.
கனடாவுல இருந்து மச்சினன் கொடுத்துவிட்டான்.
அது மருந்தில்ல தங்கச்சி, டீ மாதிரி."

அன்றைக்கே டாக்டருக்குப் போன், வயிற்றில் ஊசி.
மறுநாள் அவர் மனைவி
ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்து வைத்தாள்,
ஏழு துண்டு.
தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்களைப் போல.
ஒன்றுக்கு மட்டும் இரண்டு கால்,
ஓடப் பார்த்துப் பிடிபட்டதுபோல் நின்றது.
"சூடு பண்ணாதாம், குளிர்ச்சியாம்" என்றாள்.
சீனாக்காரன் சொன்னதை மச்சினன் சொல்லி
மச்சினன் சொன்னதை இவர் சொல்லி.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.
அமெரிக்க ஜின்செங்.
மேப்பிள் நிழலில் வளரும்;
வருடா வருடம் தண்டு உதிர்ந்து
கழுத்தில் ஒரு தழும்பு விழும், அதை எண்ணினால் வயது.
இந்த ஏழுக்கும் கழுத்தை நறுக்கியிருந்தார்கள்.
அந்த மண்ணின் ஆதிக்குடிகள்
காய்ச்சலுக்கும் குமட்டலுக்கும் அவித்துக் குடித்தது,
பிறகு கப்பலேறிச் சீனம் போனது.
இப்போது ஆய்வுத்தாள்கள்:
சாப்பாட்டுக்கு முன்னால் தின்றால்
சர்க்கரை கொஞ்சம் தணிகிறதாம்.
புற்றுநோய்க்காரர்களின் அசதி
எட்டு வாரத்தில் கொஞ்சம் விலகுகிறதாம்.
எங்கே பார்த்தாலும் கொஞ்சம்,
எங்கே பார்த்தாலும் இன்னும் ஆராய வேண்டும்.
வார்ஃபரினைப் பற்றி மட்டும் இழுக்கவில்லை:
அதன் வேலையைக் குறைக்கும்.

காரையாற்றுக்கு மேலே காணிக்காரர்கள்
ஏறும்போது மெல்லுகிற ஆரோக்கியப்பச்சையை
இதே பெயரை ஒட்டித்தான் வெளியே அழைக்கிறார்களாம்.
நம் மலையின் செடிக்கும்
அடுத்த ஊர்க்காரனின் இனிஷியல்.

ஒன்று சொல்ல வேண்டும்.
என் சர்க்கரை யாருக்கும் தெரியாது.
நான்தானே எடுக்கிறேன்,
நான்தானே கிழிக்கிறேன்.
ஒரு ஞாயிறு சொதியும் சோறும் தின்றபின்
நூற்றெண்பத்தாறு.
அடுத்த ஞாயிறு அதே சொதி, அதே அளவுச் சோறு.
உலைக்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டு
இரண்டு கால்காரனை எடுத்து மென்றேன்.
முதலில் மண்.
பிறகு கசப்பு.
விழுங்கி நெடுநேரம் கழித்து
நாக்கின் அடியில் சின்னதாய் ஓர் இனிப்பு,
கடன்காரன் பாதியைத் திருப்பித் தந்ததுபோல.
இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினேன்.
நூற்றறுபத்தொன்பது.
ஒரு ஆள், ஒரு விரல், ஒரு ஞாயிறு.
எந்த டாக்டரிடமும் இதைச் சொல்ல மாட்டேன்.
கிழித்தேன்.

இன்றைக்குச் செவ்வாய்.
இரண்டு புள்ளி ஐந்து.
தாளை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.
அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார்,
உதடு அசைய, டயர் எண்ணுவதுபோல.
ஆறு.
கரண்ட் இல்லை.
டிக், டிக்.
"ஒங்களுக்கு
எவ்வளவு வந்துச்சு, தங்கச்சி?"